“எதைவிட?”: மைக்ரேன் ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழுவுக்குப் பெயர் வைக்கும் வேலை

என் மனைவிக்கு 18 வருடமாக மைக்ரேன். மாதத்தில் ஆறேழு நாள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, நெற்றியில் ஈரத்துணியோடு படுத்துவிடுவாள். மிக்சி சத்தம் கூடாது, ஊதுபத்தி வாசனை கூடாது. நரம்பியல் மருத்துவர் எழுதிக்கொடுத்த பீட்டா பிளாக்கர் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பைவிடக் குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை.

போன வருடம் அவளுடைய ஆபீஸ் தோழி ஒருவர் 8 வார மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு ஒன்றைப் பற்றிச் சொன்னார். கட்டணம் கொஞ்சம் அதிகம்தான். “நீங்கதான் எதை எடுத்தாலும் தோண்டுவீங்களே, இது வேலை செய்யுமா செய்யாதான்னு பார்த்துச் சொல்லுங்க” என்றாள்.

பார்த்தேன். முதலில் கையில் கிடைத்தது 2021இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் ரெபெக்கா வெல்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. 89 பேர். பாதிப் பேருக்கு மைண்ட்ஃபுல்னெஸ், மீதிப் பேர் ஒப்பீட்டுக் குழு. 12 வாரத்தில் மைக்ரேன் நாட்கள் முதல் குழுவில் மாதத்துக்கு 1.6 குறைந்தன, ஒப்பீட்டுக் குழுவில் 2.0 குறைந்தன. இரண்டுக்கும் நடுவே புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. பத்தே நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். “வேலை செய்யலை. கன்ட்ரோல் க்ரூப்பே ஒரு படி மேல இருக்கு.” அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

நாலு மாதம் கழித்து, இந்த விஷயத்தை முழுசாகப் படித்து ஒரு எக்செல் ஷீட்டாகப் போட்டு வைப்போம் என்று உட்கார்ந்தேன். ஆண்டு, எத்தனை பேர், என்ன சிகிச்சை, கன்ட்ரோல், முடிவு என்று நெடுவரிசைகள். பத்துப் பதினைந்து வரிசை நிரப்பிய பிறகு பார்த்தால், ‘கன்ட்ரோல்’ நெடுவரிசையில் எல்லா இடத்திலும் “ஆம்” என்று எழுதியிருக்கிறேன். புரோகிராமர்களுக்கு இது தெரியும்: ஒரு நெடுவரிசையில் எல்லா வரிசையிலும் ஒரே மதிப்பு இருந்தால், ஒன்று அந்த நெடுவரிசை தேவையில்லை, இல்லை நாம் தப்பான கேள்வியைக் கேட்கிறோம். இங்கே இரண்டாவது. கன்ட்ரோல் இருந்ததா என்பது கேள்வி இல்லை. அந்தக் குழுவில் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. அதைக் கேட்காமலே நான் வீட்டில் தீர்ப்பு வழங்கியிருக்கிறேன்.

இந்தப் பதிவு அந்தத் தவறைப் பற்றியது. நான் மட்டும் செய்த தவறாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். இந்தத் துறையின் சுருக்கங்களையும் செய்திகளையும் படிக்கும் எவரும் எளிதில் செய்யக்கூடிய தவறு அது. தொகுத்து எழுதுபவர்களும் சில நேரம் அதற்கு வழி செய்துகொடுத்துவிடுகிறார்கள் என்பது என் விமர்சனம்.

எதற்கு இன்னொரு குழு?

மைக்ரேன் ஏறி இறங்கும் வியாதி. ஒருவர் ஆய்வில் வந்து சேரும் நேரம் பெரும்பாலும் அவருக்குத் தலைவலி ஏறி நிற்கும் நேரம். சும்மா விட்டாலும் கொஞ்சம் இறங்கும். அதோடு தினமும் டைரி எழுதச் சொல்கிறார்கள். எழுத ஆரம்பித்தாலே தூக்கம், சாப்பாடு, மாத்திரை எல்லாவற்றிலும் ஒரு கவனம் வந்துவிடும். வாராவாரம் ஒருவர் உட்கார்ந்து நாம் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறார். இந்தத் தடவை சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. இத்தனையும் சேர்ந்து எண்ணிக்கையைக் குறைக்கும். சிகிச்சையின் பங்கு தனியாகத் தெரிய வேண்டுமென்றால், இவையெல்லாம் இருந்து சிகிச்சை மட்டும் இல்லாத ஒரு குழு வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் மிஞ்சுவதுதான் சிகிச்சையின் பலன்.

மாத்திரைக்கு இது சுலபம். அதே நிறம், அதே அளவு, உள்ளே மருந்தில்லை. நடத்தைச் சிகிச்சைகளுக்குத்தான் சிக்கல். தசைகளைத் தளர்த்தும் பயிற்சி, கையின் வெப்பநிலையைக் கருவியில் பார்த்துக்கொண்டே அதை மாற்றப் பழகும் பயோஃபீட்பேக், சிபிடி என்று சுருக்கமாகச் சொல்கிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, மைண்ட்ஃபுல்னெஸ். இதற்கெல்லாம் டம்மி எப்படிச் செய்வது? மூச்சைக் கவனிப்பது போலவே இருக்கும், ஆனால் கவனிக்காத ஒரு பயிற்சி உண்டா? சொல்லிக்கொடுப்பவருக்குத் தான் என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்று தெரியும், கற்றுக்கொள்பவருக்கும் தெரியும்.

அதனால் ஒவ்வொரு ஆய்வுக் குழுவும் தன் வசதிக்கும் பணத்துக்கும் தகுந்தபடி ஏதோ ஒன்றை மறுபக்கம் வைக்கிறது. கட்டுரையில் எல்லாவற்றுக்கும் பெயர் கன்ட்ரோல்.

ஒரே ஊசி, இரண்டு தீர்ப்பு

மறுபக்கம் யார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நான் பார்த்ததிலேயே தெளிவான உதாரணம் நடத்தைச் சிகிச்சையில் இல்லை, பக்கத்து வீட்டில் இருக்கிறது: அக்குபங்சர். 2005இல் ஜாமா இதழில் கிளாவுஸ் லிண்டே குழுவினரின் ஜெர்மானிய ஆய்வு. 302 மைக்ரேன் நோயாளிகள், மூன்று குழுக்கள். முதல் குழுவுக்கு முறைப்படி அக்குபங்சர். இரண்டாவது குழுவுக்குப் போலி அக்குபங்சர், அதாவது அக்குபங்சர் புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்துவது. மூன்றாவது குழு காத்திருப்புப் பட்டியலில்.

மிதமான அல்லது கடுமையான தலைவலி இருந்த நாட்கள் நாலு வாரத்துக்கு எவ்வளவு குறைந்தன என்று பார்த்தார்கள். அக்குபங்சர் 2.2. போலி அக்குபங்சர் 2.2. காத்திருந்தவர்கள் 0.8. தலைவலி நாட்கள் பாதியாவது குறைந்தவர்கள் முறையே 51%, 53%, 15%.

இப்போது ஒரு கற்பனை செய்து பாருங்கள். இதே ஆய்வு இரண்டு தனித்தனி ஆய்வுகளாக வந்திருந்தால்? ஒன்றில் காத்திருப்புப் பட்டியல் மட்டும், இன்னொன்றில் போலி ஊசி மட்டும். முதல் கட்டுரையின் தலைப்பு “அக்குபங்சர் மைக்ரேனைக் குறைக்கிறது”. இரண்டாவதன் தலைப்பு “அக்குபங்சருக்குப் பலன் இல்லை”. நம் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு கட்சியும் ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு சண்டை போடும். ஊசி ஒன்று, நோயாளிகள் ஒன்று, எண்கள் ஒன்று. மாறியது கழிக்கப்பட்ட தொகை மட்டும்தான்.

நடத்தைச் சிகிச்சை ஆய்வுகளில் பலவற்றில் இப்படி மூன்றாவது குழு இருப்பதில்லை. நமக்குக் கிடைப்பது அந்தப் பாதிக் கட்டுரைதான்.

பெட்டிகள்

ஷீட்டை அழித்துவிட்டு, கன்ட்ரோல் என்ற சொல்லை உடைக்க ஆரம்பித்தேன். எனக்குக் கிடைத்த பெட்டிகள் இவை.

1. காத்திருப்புப் பட்டியல். “உங்களுக்கும் தருவோம், மூன்று மாதம் பொறுங்கள்.” வியாதி தானாக ஏறி இறங்குவதை இது கழித்துவிடும். கவனிப்பையும் நம்பிக்கையையும் கழிக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. காத்திருக்கச் சொன்னால் ஆள் காத்திருப்பான். தானாகச் செய்திருக்கக்கூடிய முயற்சியையும் தள்ளிப்போடுவான். மனச்சோர்வுக்கான சிபிடி ஆய்வுகளைத் தொகுத்த ஃபுருகாவா குழுவினர் 2014இல், காத்திருப்போர் நிலை எதுவுமே தரப்படாதவர்களைவிடவும் மோசமாக இருக்கலாம் என்று காட்டினார்கள். அப்படியென்றால் காத்திருப்புப் பட்டியலை ஜெயிப்பது, கையைக் கட்டிப்போட்டவனை ஜெயிப்பது மாதிரி.

2. டைரி மட்டும். சிகிச்சை தருவோம் என்ற வாக்குறுதி இல்லை, தலைவலியை எழுதி வைப்பது மட்டும்.

3. வழக்கமான சிகிச்சை. இந்தப் பெயரை நம்பவே கூடாது. ஒரு இடத்தில் வழக்கம் என்றால் வலி வந்தால் மாத்திரை போட்டுக்கொள்வது. இன்னொரு இடத்தில் தலைவலி நிபுணரின் முழுக் கவனிப்பு. காலமும் மாறுகிறது. மைக்ரேன் தடுப்புக்கென்றே வந்த முதல் சிஜிஆர்பி எதிர்ப்பு மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2018இல். அதற்கு முந்தைய வழக்கமும் பிந்தைய வழக்கமும் ஒன்றில்லை.

4. கல்வி, அல்லது கவனம் மட்டும். அதே அளவு நேரம், அதே மாதிரி வகுப்பு. ஆனால் பயிற்சி இல்லை, தகவல் மட்டும்.

5. போலிச் சிகிச்சை. சிகிச்சை போலவே தெரியும், ஆனால் வேலை செய்யக்கூடாத ஒன்று.

6. இன்னொரு நிஜச் சிகிச்சை. மருந்தாகவோ வேறொரு நடத்தைப் பயிற்சியாகவோ இருக்கலாம். இங்கே கேள்வியே மாறிவிடுகிறது. “வேலை செய்கிறதா” என்பது போய் “அதைவிட இது மேலா” என்று ஆகிறது.

மேலிருந்து கீழே போகப்போகக் கழிக்கப்படும் தொகை பொதுவாகக் கூடுகிறது. ஒரே சிகிச்சை முதல் பெட்டிக்கு எதிராகப் பெரிய வெற்றி, நாலாவதற்கு எதிராகச் சின்ன வெற்றி, ஆறாவதற்கு எதிராக டிரா. மூன்றுமே ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

பெட்டி போட்டாயிற்று, வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆய்வுகளை எடுத்து உள்ளே போட ஆரம்பித்ததும் தலைவலி எனக்கே வந்துவிட்டது.

போலி என்று வைத்தது போலியாக இருக்கவில்லை

எட்வர்ட் பிளான்சார்ட் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர். 1990இல் அவருடைய குழு ஒரு நல்ல ஆய்வு செய்தது. 116 பேர், நான்கு குழுக்கள். ஒன்றுக்கு வெப்ப பயோஃபீட்பேக், இரண்டாவதுக்கு அதோடு அறிவாற்றல் சிகிச்சை. மூன்றாவதுக்குப் போலித் தியானம், நான்காவதுக்கு டைரி மட்டும். முதல் மூன்று குழுக்களுக்கும் 8 வாரத்தில் 16 அமர்வுகள். போலித் தியானம் என்பது கவனத்தையும் நம்பிக்கையையும் கழிப்பதற்காக வைத்த டம்மி.

என்ன ஆயிற்று? மூன்று குழுக்களும் டைரி குழுவைவிட நன்றாக இருந்தன. மூன்றுக்கும் நடுவே புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் என்று பார்த்தால் பயோஃபீட்பேக் குழுக்களில் 51%, போலித் தியானத்தில் 37.5%. ஆசிரியர்கள் சொன்ன விளக்கம்: டம்மியாக வைத்தது நடைமுறையில் நிஜமான தளர்வுப் பயிற்சியாகவே மாறிவிட்டது.

யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஒருவரைத் தினமும் அமைதியாக உட்காரவைத்து மனத்தை ஒன்றில் நிறுத்தச் சொல்லிவிட்டு, அதற்குப் “போலி” என்று பெயர் வைத்தால் உடம்புக்கு அந்தப் பெயர் தெரியுமா?

அப்படியானால் என் ஷீட்டில் இதை எங்கே போடுவது? ஆசிரியர்கள் வைத்த பெயர்ப்படி 5ஆம் பெட்டி. நடந்ததை வைத்துப் பார்த்தால் 6ஆம் பெட்டி. 5இல் போட்டால் “பயோஃபீட்பேக் போலியைவிட மேலில்லை”, அதாவது தோல்வி. 6இல் போட்டால் “பயோஃபீட்பேக் தளர்வுப் பயிற்சிக்குச் சமம்”, அதாவது கௌரவமான முடிவு. ஒரு எண் கூட மாறவில்லை. நான் ஒரு செல்லில் 5 என்று அடிக்கிறேனா 6 என்று அடிக்கிறேனா என்பதில் ஒரு சிகிச்சையின் தலையெழுத்து இருக்கிறது.

இங்கே ஒரு வலை இருக்கிறது, நானே அதில் விழப் பார்த்தேன். பிளான்சார்ட் குழுவின் விளக்கம் எனக்குப் பிடித்துப்போய் உடனே 6 என்று மாற்றினேன். பிறகு உறைத்தது. போலித் தியானம் நன்றாக வேலை செய்யாமல் இருந்திருந்தால் அதை யாராவது நிஜச் சிகிச்சை என்று சொல்லியிருப்பார்களா? “பார்த்தீர்களா, போலி தோற்றது” என்று 5லேயே விட்டிருப்பார்கள். ஜெயித்தால் எதிராளி போலி, தோற்றால் எதிராளி பெரிய ஆள் என்றால் அந்தச் சிகிச்சை எந்த ஆய்விலும் தோற்கவே முடியாது. தோற்க முடியாத ஆய்வு ஆய்வே இல்லை.

இன்னொரு விளக்கமும் மேசையில் இருக்கத்தான் வேண்டும். மூன்று குழுக்களும் முன்னேறியதற்குக் காரணம் மூன்றுக்கும் பொதுவான விஷயம் மட்டுமாகவே இருக்கலாம்: 16 தடவை ஒரு மனிதரைப் பார்த்தது. அந்த ஆய்வை மட்டும் வைத்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது.

எனவே நான் எனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒப்பீட்டுக் குழு எந்தப் பெட்டி என்பதைக் கட்டுரையின் செயல்முறைப் பகுதியை மட்டும் படித்து முடிவு செய்ய வேண்டும். முடிவுகள் பகுதியைப் பார்ப்பதற்கு முன்பே அடித்து, சேமித்து, பூட்டிவிட வேண்டும். ஆசிரியர் வைத்த பெயர் ஒரு தகவல் மட்டுமே, தீர்ப்பு அல்ல. கோடை மட்டும் பார்த்து அது என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும், மேலே எழுதியிருக்கும் கமென்ட்டைப் பார்த்து அல்ல.

கல்வி எந்தப் பக்கம்?

இந்த விதியோடு வெல்ஸ் ஆய்வுக்குத் திரும்பினேன். நான் “கன்ட்ரோல் க்ரூப்பே மேல” என்று வீட்டில் சொன்ன அதே ஆய்வு. செயல்முறைப் பகுதியில் இருந்தது இது: ஒப்பீட்டுக் குழுவினர் வாரத்துக்கு 2 மணி நேரம், 8 வாரம், குழுவாகக் கூடி மைக்ரேன் பற்றிப் படித்தார்கள். மைண்ட்ஃபுல்னெஸ் குழுவுக்கும் அதே 2 மணி, அதே 8 வாரம்.

16 மணி நேரம்! நம் ஊரில் ஒரு மைக்ரேன் நோயாளிக்குத் தன் வியாதியைப் பற்றி விளக்கமாகப் பேச 16 நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். இதை “ஒன்றும் தராத குழு” என்று நான் படித்திருக்கிறேன். அந்த ஆய்வு சொன்னது “மைண்ட்ஃபுல்னெஸ் வேலை செய்யாது” என்பதல்ல. மைக்ரேன் நாட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை அது 16 மணி நேரக் கல்வியைவிட மேல் என்று காட்ட முடியவில்லை, அவ்வளவுதான். அதே கட்டுரையில் வலியால் ஏற்படும் முடக்கம், வாழ்க்கைத் தரம், மனச்சோர்வு போன்ற அளவுகளில் மைண்ட்ஃபுல்னெஸ் குழு முன்னேறியிருந்தது. நான் அந்தப் பத்தி வரை போகவே இல்லை.

பதின்ம வயதினருக்கான ஆய்வில் கல்வி வேறு மாதிரி வருகிறது. 2013இல் ஜாமா இதழில் ஸ்காட் பவர்ஸ் குழு. 10 முதல் 17 வயது வரை நாட்பட்ட மைக்ரேன் உள்ள 135 பேர். இரண்டு குழுவுக்கும் அமிட்ரிப்டிலின் மாத்திரை. ஒன்றுக்கு அதோடு சிபிடி, இன்னொன்றுக்கு அதே அளவு நேரம் தலைவலிக் கல்வி. ஆரம்பத்தில் 28 நாளில் சுமார் 21 நாள் தலைவலி. 20 வாரத்தில் சிபிடி குழுவில் 11.5 நாள் குறைந்தது, கல்விக் குழுவில் 6.8. இங்கே நாலாம் பெட்டிக்கு எதிராகவே தெளிவான வெற்றி. காத்திருப்புப் பட்டியலை ஜெயித்த பத்து ஆய்வுகளைவிட இந்த ஒன்றுக்கு நான் அதிக எடை கொடுப்பேன்.

அதே குழுவின் 2017 ஆய்வு கதையில் இன்னொரு முடிச்சுப் போட்டது. 8 முதல் 17 வயது வரையானவர்களுக்கு அமிட்ரிப்டிலின், டோபிரமேட், டம்மி மாத்திரை மூன்றையும் ஒப்பிட்டார்கள். தலைவலி நாட்கள் பாதியாவது குறைந்தவர்கள் 52%, 55%, 61%. ஆம், டம்மிக்குத்தான் 61. ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். நோயாளிகள் வேறு வகை என்பதால் இரண்டு ஆய்வையும் நேராகப் பொருத்த முடியாது. ஆனாலும் “மருந்தோடு சேர்ந்த கல்வி” என்று 2013இல் வைத்த ஒப்பீட்டுக் குழுவில், மருந்தின் பங்கு என்ன என்ற கேள்வி 2017க்குப் பிறகு முன்போல் இல்லை. ஒப்பீட்டுக் குழுவின் பொருள் ஆய்வு முடிந்த பிறகும் நகரக்கூடியது.

தொகுப்பவர்களின் சங்கடம்

இப்போது விமர்சனத்துக்கு வருகிறேன். தனி ஆய்வுகளை நோயாளிகள் படிப்பதில்லை, பல மருத்துவர்களுக்கும் நேரமில்லை. எல்லோரும் நம்புவது தொகுப்புகளை.

2019இல் காக்ரேன் தொகுப்பு வந்தது. பெரியவர்களின் மைக்ரேனுக்கான உளவியல் சிகிச்சைகள், 21 ஆய்வுகள், 2482 பேர். சான்றின் தரம் மிகக் குறைவு என்றது. அமெரிக்க அரசின் ஏஹெச்ஆர்க்யூ நிறுவனத்தின் 2024 தொகுப்பு, சிபிடி, தளர்வுப் பயிற்சி, மைண்ட்ஃபுல்னெஸ் ஒவ்வொன்றும் தாக்குதல்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்றது. சான்றின் வலு குறைவு என்றும் சேர்த்துச் சொன்னது.

இந்தத் தொகுப்புகளைச் செய்தவர்கள் என்னைவிட நூறு மடங்கு கவனமானவர்கள். அவர்களின் சங்கடமும் எனக்குப் புரிகிறது. 6 பெட்டி, 5 சிகிச்சை என்று வைத்தாலே 30 அறைகள். 21 ஆய்வுகளை 30 அறையில் குடிவைத்தால் பாதி அறை காலி, மீதியில் ஆளுக்கொரு ஆய்வு. சராசரி எடுக்க ஒன்றும் இருக்காது. எனவே சுவரை இடிக்க வேண்டியிருக்கிறது. காத்திருப்பு, டைரி, வழக்கமான சிகிச்சை மூன்றும் ஒரே ஹாலில். மீதியெல்லாம் இன்னொரு ஹாலில்.

சுவரை இடிப்பதை நான் குறை சொல்லவில்லை. எங்கே இடித்தோம் என்பது வெளியே தெரியாமல் போவதுதான் என் புகார். கல்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 தொகுப்பில் நடத்தையை மையமாகக் கொண்ட கல்வி மட்டுமே முடக்கத்தைக் குறைக்கலாம் என்று ஒரு முடிவு இருக்கிறது. அங்கே கல்வி ஒரு சிகிச்சை. அதே தொகுப்பில் குழந்தைகளுக்கான முடிவில் சிபிடி, பயோஃபீட்பேக், தளர்வு மூன்றும் சேர்ந்த சிகிச்சை கல்வியைவிட மேலாக இருக்கலாம் என்று வருகிறது. இங்கே கல்வி எதிராளி. தொகுத்தவர்கள் இதை ஒளிக்கவில்லை, நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இது செய்தியாகவும் ஒரு வரிச் சுருக்கமாகவும் மாறும்போது முதலில் உதிர்வது “எதைவிட” என்ற அந்த ஒரு சொல். “மைண்ட்ஃபுல்னெஸ் மைக்ரேனைக் குறைக்கும்” என்று ஒரு செய்தி, “மைண்ட்ஃபுல்னெஸால் மைக்ரேன் குறையவில்லை” என்று இன்னொரு செய்தி. இரண்டையும் படிக்கிறவர், இந்த விஞ்ஞானிகளுக்கே ஒன்றும் தெரியவில்லை என்று முடிவுகட்டி, மூலையில் இருக்கும் தைல பாட்டிலை எடுத்துக்கொள்கிறார்.

இதற்கு என்ன வழி? 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு ஒன்று, ஒப்பீட்டுக் குழுவை ஆய்வின் நோக்கத்துக்குப் பொருந்துமாறு தேர்ந்தெடுங்கள் என்று பரிந்துரைத்தது. புது ஆய்வுகளுக்கு அது சரி. ஏற்கெனவே இருக்கும் ஆய்வுகளைத் தொகுக்க, ஒரு புரோகிராமராக எனக்குத் தோன்றுவது இது: பெட்டியின் பெயரை மட்டும் சேமிக்காதீர்கள். பெட்டி என்பது கணக்கிட்டுப் பெறும் மதிப்பு. அதற்கு அடியில் இருக்கும் மூல விவரங்களைத் தனித்தனி நெடுவரிசையாக வையுங்கள்.

என் ஷீட்டில் இப்போது இருப்பவை: ஒப்பீட்டுக் குழுவுக்கு எத்தனை மணி நேரம் ஆள் முகம் கிடைத்தது? சிகிச்சைக் குழுவுக்கும் அதே அளவா? இது பலன் தரும் என்று அவர்கள் நம்பினார்களா, அதை யாராவது அளந்தார்களா? வீட்டில் செய்துபார்க்க ஏதாவது பழக்கம் கற்றுக்கொடுத்தார்களா? தடுப்பு மருந்து இருந்ததா, நடுவில் மாற்ற அனுமதி உண்டா? பின்னால் சிகிச்சை கிடைக்கும் என்று சொல்லப்பட்டதா? இந்த ஆறுக்கும் விடை இருந்தால், சுவரை எங்கே வேண்டுமானாலும் இடித்துப் பார்க்கலாம், திரும்பக் கட்டலாம். கல்வியை ஒரு தடவை இந்தப் பக்கமும் இன்னொரு தடவை அந்தப் பக்கமும் வைத்து ஓட்டிப் பார்த்து, முடிவு புரண்டால் அதையும் சொல்லலாம். விடை இல்லை என்றால் “கட்டுரையில் இல்லை” என்று எழுதலாம். அப்படி எழுத வேண்டிய இடங்கள் எத்தனை என்று பார்த்தாலே இந்தத் துறையின் நிலைமை புரிந்துவிடும்.

திரும்பவும் வீட்டுக்கு

ஷீட் ஓரளவு முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். “போன வருஷம் நான் சொன்னது தப்பு. நீ கேட்ட கேள்விக்கு அந்த ஆய்வுல பதிலே இல்லை.”

உண்மையில் அவளுடைய கேள்வி என்ன? அவள் காத்திருப்புப் பட்டியலில் இல்லை. 16 மணி நேர வகுப்புக்கும் போகவில்லை. அவள் கையில் ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் இருக்கிறது. “இப்ப போடுற மாத்திரையோட இதையும் சேர்த்துக்கிட்டா கூடுதலா ஏதாவது கிடைக்குமா?” என்பதுதான் அவள் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வருவது கென்னத் ஹோல்ராய்ட் குழு 2010இல் பிஎம்ஜே இதழில் வெளியிட்ட ஆய்வு. 232 பேர். முதலில் எல்லோருக்கும் வலி வரும்போது போடும் மருந்தை ஒழுங்குபடுத்தினார்கள். அதற்கு மேல் நான்கு குழு: டம்மி மாத்திரை, பீட்டா பிளாக்கர், நடத்தைப் பயிற்சியோடு டம்மி, நடத்தைப் பயிற்சியோடு பீட்டா பிளாக்கர். 30 நாளுக்கு மைக்ரேன் எண்ணிக்கை குறைந்தது இப்படி: டம்மி மட்டும் 2.1, பீட்டா பிளாக்கர் மட்டும் 2.1, பயிற்சியும் டம்மியும் 2.2, இரண்டும் சேர்ந்து 3.3. தனித்தனியாக எடுத்தால் மாத்திரையும் ஜெயிக்கவில்லை, பயிற்சியும் ஜெயிக்கவில்லை. சேர்ந்தபோது ஜெயித்தன. ஒழுங்குபடுத்திய கவனிப்பை எதிராளியாக வைத்ததால் தெரிந்த விஷயம் இது. எதிரே காத்திருப்புப் பட்டியல் இருந்திருந்தால் நாலுமே வெற்றி மாதிரி தெரிந்திருக்கலாம்.

அந்தப் பயிற்சி மைண்ட்ஃபுல்னெஸ் இல்லை, தளர்வும் தூண்டுதல்களைக் கையாள்வதும் சேர்ந்த வேறொரு திட்டம். ஒரே ஒரு ஆய்வு. எனவே “கண்டிப்பாகப் பலன் உண்டு” என்று நான் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சேர்த்துப் பார்க்கலாம், மூன்று மாதம் டைரி எழுதலாம் என்றேன். டைரி எழுதினாலே கொஞ்சம் குறையும், அதை வகுப்பின் கணக்கில் எழுதிவிடக்கூடாது என்பதையும் சொன்னேன்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், “இதெல்லாம் இருக்கட்டும். அன்னைக்கு என்னைய ஒரு வார்த்தை, நீ இப்ப என்ன பண்ணிட்டிருக்கேன்னு கேட்டிருந்தீங்கன்னா பத்து நிமிஷத்துலயே சரியா சொல்லியிருப்பீங்களே” என்றாள்.

ஷீட்டில் ஏழாவதாக ஒரு நெடுவரிசை சேர்த்திருக்கிறேன்: “படிப்பவர் இப்போது எந்தக் குழுவில் இருக்கிறார்?” அதை ஒவ்வொருவரும் தனக்குத்தானே நிரப்பிக்கொள்ள வேண்டும். என் வகைப்பாட்டில் தவறு கண்டால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை: முடிவுகள் பகுதியைப் படிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.